கலாநிதி ஆனந்தக் குமாரசுவாமியும் சப்பிரகமுவ மலைக் கல்லும்

நம் கல்லூரியின் விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, நாம் நெடுநேரம் ஆராய வேண்டியிருக்கவில்லை. கலாநிதி ஆனந்தக் குமாரசுவாமியின் பெயரே முதலில் நம் நெஞ்சில் எழுந்தது. அப்பெயரைக் கேட்டதும், தில்லைக் கூத்தன் திருவுருவத்தின் பொருளை மேல்நாட்டாருக்கு விளக்கிய கலைப் பேரறிஞரைப் பற்றியே நாம் எழுதப் போகின்றோம் என அன்பர்கள் எண்ணுதல் கூடும். அவ்வரலாறு பலராலும் பலமுறை எழுதப்பட்டுள்ளது. நாம் ஈண்டு எழுதப் புகுவது கலைப் புலமைக்கு முன்னர் அவர் ஆற்றிய பணியைப் பற்றி. இலங்கை அரசாங்கத்தின் கனிப்பொருளளவைப் பகுதிக்குத் தலைவராகி, நம் இரத்தினபுரி, பலாங்கொடைப் பக்கத்து மலைகளையும் ஓடைகளையும் ஆராய்ந்த ஆண்டுகளைப் பற்றி.

இதனை எழுதுவதில் நமக்கு ஒரு கடனும் உண்டு. அதனை முதலிலேயே கூறிவிடுதல் நேர்மையாகும். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர், நாம் இக்கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த புதிதில், பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர், கரிய சிறு கல்லொன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். அளவிற் சிறிதாயினும் பாரத்தில் மிக்கதாயிருந்த அக்கல் யாதென அறிய விரும்பினார். நாமோ புணர்ச்சி விதி நடத்திக் கொண்டிருந்தோம். கல் ஆராய்வது தமிழ் வகுப்பின் வேலையன்று என்று கூறி, அதனை வெளியே எறிந்துவிட்டு வருமாறு பணித்தோம். அவரும் எறிந்துவிட்டு வந்து இருக்கையில் அமர்ந்தார். அதன் பின்னர் அவர் எதனையும் நம்மிடம் கொண்டுவரவில்லை, எதனையும் வினவவுமில்லை. பல ஆண்டுகள் கழித்து, குமாரசுவாமியின் வரலாற்றைப் பாடத்துக்காகப் படித்த வேளையில், பலாங்கொடைப் பகுதியில் அகப்பட்ட பாரமான கரிய கல்லொன்று ஐரோப்பாவின் ஆய்வுகூடங்களை எட்டிய செய்தியைக் கண்டோம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளா இருந்தோம். அம்மாணவர் கொண்டுவந்தது அக்கல்லோ, வெறும் இரும்புக் கல்லோ, இனி எவரும் அறியார். அறியும் வாயிலை அடைத்தவர் நாமே என்பது மட்டும் உறுதி. நிற்க.

பிறப்பும் கல்வியும்

ஆனந்தக் குமாரசுவாமி 1877-ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 22-ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். சட்டநிரூபண சபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கி மேல்நாட்டாருக்கு வழங்கியவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மைந்தர்கள். எனவே, அவ்விரு பெரியார்களும் நம் ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. இங்கிலாந்தில் கென்று மாவட்டத்தைச் சேர்ந்தவர். அம்மாவட்டத்தின் பெயரே குழந்தையின் பெயரிடையிலும் அமைந்தது.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே தாயும் சேயும் இங்கிலாந்து சென்றனர். பின்னே செல்லவிருந்த தந்தையார், 1879-ஆம் ஆண்டு மே மாதத்தில், கப்பலேறும் தறுவாயில் கொழும்பிலே காலமானார். தந்தையின் முகத்தை நினைவிற் கொள்ளும் பேறும் அம்மைந்தருக்கு வாய்க்கவில்லை; தந்தையின் மொழி காதில் விழும் வாய்ப்பும் இல்லாதொழிந்தது. ஆங்கில நாட்டிலே ஆங்கிலச் சிறுவனைப் போலவே அவர் வளர்ந்தார்.

பன்னிரண்டாவது வயதளவில், குளொஸ்ரர் மாவட்டத்திலுள்ள விக்கிளிப் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரிக்கு அருகே ஒரு குன்று உண்டு. அக்குன்றின் கற்படைகளை ஆராய்ந்து, 1895-இல், தம் கல்லூரிச் சஞ்சிகையிலேயே ஒரு கட்டுரை எழுதினார். நம் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அவ்வறிஞரின் எழுத்துப் பணி, இம்மலர் போன்றதொரு கல்லூரி ஏட்டிலே, தாம் நாள்தோறும் கண்ட குன்றைப் பற்றிய கட்டுரையோடு தொடங்கிற்று. தொலைவிலுள்ள அரும்பொருளைத் தேடி அவர் தொடங்கினாரல்லர்.

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்று, 1900-ஆம் ஆண்டில் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் விஞ்ஞானப் பட்டத்தை முதல் வகுப்பிற் பெற்றார். அக்காலத்தில் அக்கல்லூரியின் இரசாயனப் பேராசிரியராக விளங்கியவர் சேர் வில்லியம் ராம்சே. ஞாயிற்றிலே மட்டும் உண்டென்று கருதப்பட்டிருந்த ஈலியம் என்னும் வாயு, பூமியிலுள்ள கல்லொன்றினுள்ளும் அடைபட்டிருப்பதை 1895-இற் கண்டுணர்த்தியவர் அவர். இப்பெயரை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. சப்பிரகமுவக் கல்லின் கதையில் அவரை மீண்டும் சந்திப்போம்.

அரசாங்கப் பணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கையை ஆண்ட பிரித்தானிய அரசாங்கம், இத்தீவின் நிலத்தடிச் செல்வத்தை முறையாக அளந்தறிய விரும்பியது. அவ்விருப்பத்திற்குக் காரணம் அறிவு வேட்கை மட்டுமன்று. வாணிகமும் அதன் காரணமாம். கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திலிருந்தும் பிறவிடங்களிலிருந்தும் சென்ற காரீயம், மேல்நாட்டு உலோக ஆலைகளில் மூசைகள் செய்யப் பயன்பட்டது. இரத்தினபுரி மாணிக்கத்தின் புகழையோ சொல்ல வேண்டியதில்லை. இன்னும் என்னென்ன உள என்பதே அரசினர் அறிய விரும்பியது. இங்கே எடுக்கும் மாதிரிகளை இலண்டனிலுள்ள பேரரசு நிலையம் பகுத்தாராயும். அந்நிலையத்தின் தலைவர் விந்தம் டன்ஸ்ரன் என்னும் இரசாயன அறிஞர். இவ்வாறமைந்த கனிப்பொருளளவைப் பகுதிக்கு 1903-ஆம் ஆண்டில் முதல் தலைவராக அமர்ந்தவர் ஆனந்தக் குமாரசுவாமி. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

இப்பணிக்கு அவர் தகுதியற்று வந்தாரல்லர். இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி 1900-ஆம் ஆண்டிலேயே இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் எழுதியிருந்தார். கண்டிப் பகுதியில் அகப்பட்ட நீலநிறக் கனிப்பொருளொன்றை, பிரயர் என்னும் ஆங்கில அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்து, முன்னர் எவரும் அறியாத புதுவகை அஃது என்று 1903-இல் வெளியிட்டார். இத்தீவின் பழம்பெயராகிய செரந்தீபு என்பதையொட்டி, செரந்திபைற்று எனும் நாமம் அதற்குச் சூட்டப்பட்டது.

அந்நாளையச் சப்பிரகமுவையை அன்பர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடியிருந்தது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இறப்பர்க் கன்றுகள் புதிதாக வேரூன்றத் தொடங்கியிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் லயங்களில் குடியிருந்து, விடியற்காலையிற் பெரட்டுக்குச் சென்று, மலை ஏறிக் கொழுந்தெடுத்தனர். பள்ளத்தாக்குகளிலோ சிங்களக் கிராமத்தவர் வயல்களிடையே குழி தோண்டி மாணிக்கம் அரித்தனர். மேலே தோட்டம், கீழே மாணிக்கக் குழி. இவ்விரண்டிற்கும் அடியிலுள்ள பாறையை ஆராய்வதே அளவைப் பகுதியின் பணியாயிற்று. பலாங்கொடைச் சூழலிற் காணப்படும் ஒருவகைக் கருங்கற் பாறைகளைப் பலாங்கொடைப் பிரிவு என அவர் தனியே வகுத்துரைத்தார்.

ஓடையில் அகப்பட்ட கல்

மாணிக்கம் அரிக்கும் முறையை நம் பகுதி மாணவர்கள் பலர் நேரிற் கண்டிருப்பர். மலைப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து, ஆற்றால் அடித்துவரப்பட்டுப் பள்ளங்களிலே படிகின்றது. பாரமான கற்கள் அடியில் தங்க, இலேசான மணல் மேலே போகின்றது. அடியிலே தங்கிய பருக்கைக்கற் படையே இல்லம் எனப்படுவது. அதனைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றும்போது வெண்கல்லும் மண்ணும் வெளியேற, பாரமானவை கூடையின் அடியில் எஞ்சுகின்றன. மாணிக்கம், நீலம் என்பவற்றோடு, விலைபோகாத கரிய மணிகளும் அங்ஙனம் எஞ்சும். மாணிக்கம் தேடுவோர் அவற்றைப் பெரும்பாலும் எறிந்துவிடுவர்.

அவ்வாறு பலாங்கொடைக்கு அண்மையில், பம்பரபொட்டுவைப் பகுதியில் அகப்பட்ட கரிய கல்லொன்று குமாரசுவாமியின் ஆராய்ச்சிக்கு வந்தது. அது சதுரமுகி வடிவின. சிறு மணியேயாயினும் இரும்பினும் பாரமானது. நீர் ஒரு பங்கு நிறையாயின், அதே அளவுள்ள இக்கல் ஒன்பது பங்குக்கு மேல் நிறையுடையது. 1904-ஆம் ஆண்டில் அதனை விவரித்த குமாரசுவாமி, அது யுரேனியத்தின் தாதாகிய யுரேனினைற்று என்று குறித்தார்.

அக்குறிப்புப் பிழையாயிற்று. மாதிரிகள் இலண்டனை அடைந்தபோது, டன்ஸ்ரனும் அவர்தம் உதவியாளரும் அவற்றைப் பகுத்துப் பார்த்தனர். கல்லின் பெரும்பகுதி யுரேனியம் அன்று. நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் என்னும் மூலகத்தின் ஒட்சைட்டாகும். யுரேனியம் அதனோடு சிறு பங்காகவே கலந்திருந்தது. அத்துணைத் தோரியம் செறிந்த கனிப்பொருள் அதற்கு முன்னர் உலகில் அறியப்பட்டிருக்கவில்லை. எனவே டன்ஸ்ரன் அதற்குத் தோரியனைற்று எனப் பெயரிட்டார். இன்றும் உலகத்துக் கனிப்பொருள் நூல்களில், தோரியனைற்றின் மூலவிடம் எதுவெனத் தேடினால், சப்பிரகமுவ மாகாணத்துப் பலாங்கொடை என்றே காணலாம்.

குமாரசுவாமி பிழைத்தது எவ்வாறு? இரண்டும் கரியன, இரண்டும் பாரமானவை, இரண்டும் சதுரமுகியாகவே படியும், அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கும் இரண்டிலும் ஒன்றே. கண்ணாற் காண்பவர் மயங்குதல் இயல்பு. இரசாயனப் பகுப்பு ஒன்றே அவற்றை வேறுபடுத்த வல்லது. அதற்கு வேண்டிய ஆய்வுகூடமோ இலண்டனில் இருந்தது. ஆயினும் இதனை நாம் மறைத்து எழுத விரும்பவில்லை. பெரியார் வரலாறு எழுதுவோர் சிலர் அவர்தம் பிழைகளை விலக்கிவிடுவதே மரியாதை எனக் கருதுகின்றனர். அது மாணவருக்குத் தீங்கு செய்வதாகும். குமாரசுவாமி எறியப்பட வேண்டிய கரிய கல்லை எறியாது வைத்தார், இடத்தைக் குறித்தார், தமக்குத் தோன்றியதைத் துணிந்து எழுதினார். அதனாலேயே பிறர் அதனைத் திருத்தவும் இயன்றது. எழுதப்படாத கருத்தைத் திருத்துவார் யார்?

கல் கடந்து சென்ற வழி

அக்காலம் பௌதிக உலகில் பெருங் கிளர்ச்சிக் காலம். 1898-இல் மேரி கியூரி அம்மையார் இரேடியத்தின் இருப்பை வெளிப்படுத்தியிருந்தார். தோரியமும் யுரேனியத்தைப் போலவே கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை வீசுவது என்பதும் அதே ஆண்டிற் புலனாயிற்று. 1902-இல் இரதபோட்டும் சொடியும், தோரியத்தை ஆராய்ந்தே, ஒரு மூலகம் தானே சிதைந்து வேறொன்றாக மாறுகின்றது என்னும் புதுமையை நிறுவினர். இவ்வேளையிலேதான் தோரியம் செறிந்த கல்லொன்று நம் மலையிலிருந்து வெளிப்பட்டது. அறிஞர் உலகம் அதனை ஆவலோடு வரவேற்றதில் வியப்பென்ன?

கல்லைச் சூடாக்கியபோது அதனின்று ஈலியம் மிகுதியாக வெளிவந்தது. தோரியமும் யுரேனியமும் சிதையுந்தோறும் ஈலியம் பிறந்து கல்லினுள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்ததே அதற்குக் காரணம். எவ்வளவு ஈலியம் சேர்ந்துள்ளது, ஓராண்டில் எவ்வளவு பிறக்கும் என்று கணக்கிட்டால், கல்லின் வயதைக் கூறலாமன்றோ? இங்கிலாந்திலே ஸ்ரற் என்னும் பௌதிக அறிஞர் இலங்கைத் தோரியனைற்றைக் கொண்டு இக்கணக்கைச் செய்து, அதன் வயது பல கோடி ஆண்டுகள் எனக் காட்டினார். இன்றைய நுண்முறைகள் இப்பகுதிப் பாறைகள் உருமாறிய காலத்தை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னதாகக் கணிக்கின்றன. பூமியின் பழைமையை மனிதர் அளக்கக் கற்ற வரலாற்றில் நம் பகுதிக் கல்லுக்கும் ஓர் இடம் உண்டு.

இனி ராம்சேயின் ஆய்வுகூடத்திற்குச் செல்வோம். குமாரசுவாமி கற்ற அதே பல்கலைக்கழகக் கல்லூரிக்கு, 1904-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஒட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் வந்ததன் முதல் நோக்கம் ஆங்கிலம் பழகுவது. ஊர் திரும்பி இரசாயனக் கைத்தொழில் நிலையமொன்றில் அமர எண்ணியிருந்தார். கதிர்த்தொழிற்பாடு பற்றி அவர் ஏதும் அறியார். ராம்சே, இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த பேரியம் உப்பை அவர் கையிற் கொடுத்து, அதிலுள்ள சிறிதளவு இரேடியத்தைப் பிரித்துத் தருமாறு பணித்தார். பிரிக்கும்போது, இரேடியம் அல்லாத, தோரியத்தைச் சார்ந்த, ஆனால் அதனினும் பன்மடங்கு வீரியமாகக் கதிர்வீசும் பொருளொன்று அதில் இருப்பதை ஹான் கண்டார். 1905-இல் வெளியான அக்கண்டுபிடிப்பிற்கு இரேடியோதோரியம் என்று பெயர். அவ்வொரு கண்டுபிடிப்பு அவருடைய வாழ்க்கைப் பாதையையே மாற்றிற்று. கைத்தொழில் எண்ணத்தைக் கைவிட்டு, கனடாவில் இருந்த இரதபோட்டிடம் சென்று பயின்று, கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

இந்த ஹானே, ஸ்ராஸ்மன் என்பாரோடு கூடி, 1938-ஆம் ஆண்டின் இறுதியில், யுரேனிய அணு பிளவுபடுவதற்குரிய இரசாயனச் சான்றைக் கண்டவர். 1944-ஆம் ஆண்டுக்குரிய நொபெல் பரிசு அதன் பொருட்டு அவருக்கு வழங்கப்பட்டது. அணுக்குண்டும் அணுமின் நிலையமும் அதன் வழி வந்தவை. பலாங்கொடைக் கல்லே அணுவைப் பிளந்தது என்று நாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுதல் மிகையாகும். ஆயினும், அணுவைப் பிளந்தவரின் கையை முதன்முதலில் அவ்வழியிற் செலுத்திய பொருள் சப்பிரகமுவ மண்ணிலிருந்து சென்றது என்பதிற் பிழையில்லை.

அரசினர் எதிர்பார்த்த வாணிகமோ வேறு. அந்நாளில் தோரியத்தின் பெரும் பயன் விளக்கிலே இருந்தது. நூல்வலையைத் தோரிய உப்பிற் தோய்த்து, அதனோடு நூற்றுக்கு ஒரு பங்களவு சீரியமும் சேர்த்து எரித்தால், எஞ்சும் சாம்பல் வலை சுடரிலே தூய வெள்ளொளி தரும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் இரவைப் பகலாக்கிய பெற்றோமாக்ஸ் விளக்கின் மாண்டில் இத்தகையதே. நம் பாட்டன்மார் அவ்வொளியிலே கூத்தாடினர். அதன் மூலப்பொருள் தம் காலடி மலையிலும் உண்டென்பதை அவர்களுக்குச் சொன்னவர் எவரும் இலர். சில காலம் தோரியனைற்று இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. எளிதில் அரித்தெடுக்கத்தக்கது அருகியதும் அவ்வாணிகம் மங்கிற்று. 1909-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையின் மோனசைற்று மணலிலே தோரியம் காணப்பட்ட பின்னர், வணிகர் நாட்டம் அங்கே சென்றது.

கல்லிலிருந்து கலைக்கு

அளவைப் பணிக்காக ஊர் ஊராகச் சென்ற குமாரசுவாமியின் கண்கள் கற்களை மட்டும் கண்டில. கண்டி இராச்சியக் காலத்துக் கைவினைஞரின் வழித்தோன்றல்கள் பித்தளையிலும் மரத்திலும் யானைத் தந்தத்திலும் செய்த வேலைகளைக் கண்டார். அவ்வேலைகள் மேல்நாட்டு மலிவுச் சரக்கின் முன் மதிப்பிழந்து அழிந்து கொண்டிருந்ததையும் கண்டார். அவருடைய மனைவியார் எதெல் அம்மையார் உடன்சென்று அவற்றை நிழற்படம் பிடித்தார். கல்லின் வகையும் இடமும் குறிக்கக் கற்ற கை, கலைப்பொருளின் வகையும் இடமும் செய்முறையும் குறிக்கலாயிற்று. அந்நூல் மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெயரோடு 1908-இல் இங்கிலாந்திலே, அவர்தம் மேற்பார்வையிற் கையச்சாக 425 பிரதிகள் அச்சிடப்பட்டு வெளிவந்தது. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த விஞ்ஞானி, சிங்களக் கலைக்கு ஆற்றிய அப்பெருந் தொண்டை இரு இனத்தவரும் நன்றியோடு நினைத்தல் தகும்.

பணியிலிருந்த காலத்திலேயே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து நடத்தினார். நம்மவர் நடையுடையிலும் கல்வியிலும் ஐரோப்பியரைப் போலி செய்வதைக் கண்டித்தார். பிள்ளைகள் தாய்மொழியிற் கற்றல் வேண்டும் என வற்புறுத்தினார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906-இல் முன்னின்று நடத்திய பல்கலைக்கழக இயக்கத்திற்கும் துணை நின்றார். அவ்வியக்கத்தின் பயனாகிய பல்கலைக்கழகக் கல்லூரி 1921-இலும், முழுப் பல்கலைக்கழகம் 1942-இலுமே இலங்கைக்குக் கிடைத்தன.

இவ்விடத்தில் நம் கருத்தொன்றைக் கூற விரும்புகின்றோம். கல் நம்முடையது, அதனைப் பகுத்த தராசும் அமிலமும் அடுப்பும் பிறருடையவை. மலை நம்முடையது, கண்டுபிடித்த பெருமை இலண்டனில் எழுதப்பட்டது. அரசாங்கம் பணம் செலவிட்டுக் கல்லைத் தேடுவித்தது. ஆனால் அக்கல்லைப் படிக்கத்தக்க ஒரு பிள்ளையை இம்மலையில் உருவாக்கச் செலவிடவில்லை. பொருளைக் கொண்டுபோதல் ஒன்று. அறிவை ஊன்றுதல் மற்றொன்று. பல்கலைக்கழகம் வேண்டுமென்று எழுந்த குரலில் நம் குமாரசுவாமியின் குரலும் கலந்திருந்தது. ஆய்வுகூடம் இல்லாத நாட்டில் கல் தேடிய அனுபவமும் அக்குரலுக்கு வலுவூட்டியிருத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.

1906-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம், இலங்கைக் கனிப்பொருளாராய்ச்சிக்காக, அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. பெரும்பாலோர் கலைக்காக அவர் பெற்றதென எண்ணும் கலாநிதிப் பட்டம் உண்மையிற் கல்லுக்காகப் பெற்றதாகும். அவ்வாண்டின் இறுதியோடு அவர் அரசாங்கப் பணியினின்று நீங்கினார். பின்னர் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கலையாராய்ச்சியில் ஈடுபட்டு, 1917-இல் அமெரிக்காவிலே பொஸ்ரன் நகர நுண்கலைக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப்பகுதிக்குப் பொறுப்பாளரானார். சிவ நடனம் என்னும் கட்டுரைத் தொகுதி 1918-இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்து, 1947-ஆம் ஆண்டு செத்தெம்பர் 9-ஆந் திகதி, எழுபது வயது நிரம்பிய சில நாள்களில், இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் கொள்ளத்தக்கவை

தோரியத்தின் கதை அவரோடு முடிந்துவிடவில்லை. தோரியம் தானே எரிபொருளாகாது. நியூத்திரன் ஒன்றை ஏற்றுப் படிப்படியாக யுரேனியம் 233 ஆக மாறிய பின்னரே அணுச்சத்தி தரும். தோரியம் மிக்க இந்தியா அதனைப் பயன்படுத்த நெடுநாளாக ஆராய்ந்து வருகின்றது. தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் 1996-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிறு ஆராய்ச்சி உலை, அவ்யுரேனியம் 233-ஐயே எரிபொருளாகக் கொண்டது. நம் நாட்டிலும் ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்துள்ளன. 1955-இல் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிலையமும், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அணுசத்தி அதிகாரசபையும் தோன்றின. அன்றைய கனிப்பொருளளவைப் பணியை இன்று புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் ஆற்றுகின்றது. அந்நிலையங்களின் வாயில்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் திறந்தேயுள்ளன. ஆனால் அவ்வாயில்வரை நடந்து செல்லும் துணிவை வகுப்பறையே ஊட்டுதல் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். ஓடையிலே புதுமையான கல்லைக் கண்டால் எறிந்துவிடாதீர்கள். எவ்விடத்தில், எவ்வாழத்தில், எந்நாளிற் கண்டீர்கள் என எழுதிவையுங்கள். மிகப் பாரமான கரிய கல்லாயின், அதனைச் சட்டைப் பையிலோ படுக்கையறையிலோ வைத்தல் ஆகாது; தோரியமும் யுரேனியமும் கதிர்வீசுவன, உடலுக்குக் கேடு தருவன. விஞ்ஞான ஆசிரியரிடம் கூறி, உரிய பணியகத்துக்கு அறிவியுங்கள். நீங்கள் எண்ணியது பிழையென்று அறிந்தவர் திருத்தினால் மனம் ஒடியாதீர்கள். ஆனந்தக் குமாரசுவாமியும் திருத்தப்பட்டவரே.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு சொல். எந்தப் பாட வேளையிலும் மேசைமேல் ஒரு கல் வைக்கப்படலாம். விடை நமக்குத் தெரியாதிருத்தல் குற்றமன்று. தெரிந்தவரிடம் அனுப்பாதிருத்தலே குற்றம். பயிற்சிக் கலாசாலையில் நமக்குக் கற்பிக்கப்படாத இப்பாடத்தை ஒரு மாணவரிடமே, அதுவும் காலந் தாழ்த்து, நாம் கற்றோம்.

முடிவாக, அம்மாணவருக்கு. அவர் இன்று நம் பழைய மாணவருள் ஒருவர். எவ்வூரில் எத்தொழிலில் இருப்பினும் இம்மலர் அவர் கையை எட்டும் என நம்புகின்றோம். தம்பி, அன்று உம் கல்லை எறியப் பணித்தது நம் பிழை. விழா நாளன்று கல்லூரிக்கு வாரும். உம் பிள்ளையையும் அழைத்து வாரும். ஆய்வுகூடத்தில் இவ்வாண்டு நம் பகுதிக் கற்களுக்கென ஒரு கண்ணாடி அலுமாரி வைத்துள்ளோம். அதில் ஒரு தட்டு இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.